உங்கள் வளவுக் கிணறும் மலசலகூடமும்: கல்குடாக் கரையோரத்துக்குத் திரும்பும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

நீண்ட காலத்துக்குப் பிறகு சொந்த வளவுக்குத் திரும்பும்போது முதலில் கண் போவது வீடு இருந்த இடத்துக்கு. இரண்டாவதாகப் போவது கிணற்றடிக்கு. பற்றை மூடிக் கிடந்தாலும், கட்டு இடிந்து கிடந்தாலும், கிணறு இருந்த இடத்தை எவரும் மறப்பதில்லை. எட்டிப் பார்ப்பீர்கள். தண்ணீர் தெரியும். மனம் ஆறும்.

ஆனால் அந்தத் தண்ணீரை உடனே குடிக்கலாமா? சவராக இருந்தால் இறைத்து விட்டால் சரியாகி விடுமா? இன்னும் ஆழமாக வெட்டினால் நல்ல தண்ணீர் வருமா? மலசலகூடத்தை எங்கே கட்டுவது? மீள்குடியேறும் குடும்பங்கள் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்விகள் இவைதான். இவற்றுக்கான விடைகளில் பல, எங்கள் கிழக்குக் கரையிலேயே பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலையிலிருந்து கிடைத்தவை. அந்த ஆய்வு என்ன சொல்கிறது, அதை வைத்து உங்கள் வளவில் நீங்கள் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. வீட்டு வேலை தொடங்கு முன் ஒருமுறை முழுமையாக வாசியுங்கள். ஏனென்றால் கிணறும் மலக்குழியும் ஒரு தடவை பிழையான இடத்தில் அமைந்து விட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

கல்குடாவின் தரை மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாழைச்சேனைக் களப்பு. இரண்டும் உப்பு நீர். அப்படியிருந்தும் நடுவில் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வருகிறது. இது எப்படி?

மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விடப் பாரம் குறைந்தது. அதனால் எண்ணெய் தண்ணீரின் மேல் மிதப்பது போல, மழைத் தண்ணீர் நிலத்துக்கு அடியில் உள்ள உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. நடுவில் தடிப்பாகவும் கடலையும் களப்பையும் நோக்கிப் போகப் போக மெல்லியதாகவும் இருக்கும். எங்கள் கிணறுகள் எல்லாம் இந்தப் படையிலிருந்துதான் தண்ணீர் எடுக்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தைச் சேர்ந்த படோன் கைபன் என்பவரும், 1901இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இந்தப் படையின் கணக்கைத் தனித்தனியாகக் கண்டு சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். இதை மறுபக்கமாகவும் பாருங்கள். தொடர்ந்து அதிகமாக இறைத்து நீர்மட்டத்தை 1 அடி இறக்கி வைத்தால், அடியிலுள்ள உப்புத் தண்ணீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலே ஏற இடம் கொடுக்கிறோம்.

எங்கள் முன்னோர் இந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை. ஆனால் அதன்படி நடந்தார்கள். மணலில் ஆழமில்லாத பூவல் தோண்டினார்கள். வாளியால் அள்ளினார்கள். ஊறும் மட்டும் பொறுத்திருந்து மீண்டும் அள்ளினார்கள். அவர்கள் எடுத்தது மேல்படைத் தண்ணீரை மட்டுமே.

ஆழிப்பேரலை கிணறுகளுக்குச் செய்தது என்ன?

2004 டிசம்பர் 26 அன்று வந்த அலை இந்தக் கரையை எப்படி அழித்தது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறோம். இலங்கை முழுவதும் 40,000க்கு மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் அழிந்தன அல்லது உப்பேறின என்று மதிப்பிடப்பட்டது. கடல் நீர் இரண்டு வழிகளில் நிலத்தடிக்குப் போனது. திறந்த கிணறுகளுக்குள் நேராக இறங்கியது ஒரு வழி. பள்ளங்களில் தேங்கி நின்று மணலூடாக ஊறிப் போனது மற்ற வழி.

2005 பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை ஐக்கிய அமெரிக்கா, இலங்கை, டென்மார்க் ஆகிய நாடுகளின் நீரியல் ஆய்வாளர்களும் பொறியியலாளர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து இலங்கையின் கரையோர நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். இலங்கையில் பிறந்து அமெரிக்காவின் கொலராடோவில் பேராசிரியராக இருந்த திஸ்ஸ இலங்கசேகர, கொழும்புக்கு அருகே தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தில் அப்போது பணியாற்றிய டென்மார்க்கைச் சேர்ந்த கரேன் வில்ஹொல்த் போன்றோர் இதில் இருந்தார்கள். மக்களிடம் கேட்டறிந்தார்கள், கிணறுகளை அளந்தார்கள், தண்ணீர் மாதிரி எடுத்தார்கள், உப்பு நீர் மணலுக்குள் எப்படி நகர்கிறது என்பதை ஆய்வுகூடத்திலும் கணினியிலும் செய்து பார்த்தார்கள். நிவாரண வேலை செய்பவர்களுக்கு வழிகாட்டுவதே அவர்களின் நோக்கமாக இருந்தது.

அதன் தொடர்ச்சியாக, கிழக்குக் கரையில் கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட 2.4 கிலோமீற்றர் அகலமான மணல் நிலமொன்றில் இன்னொரு ஆய்வு நடந்தது. 2005 ஒக்டோபர் முதல் 2007 ஓகஸ்ட் வரை கரையிலிருந்து உள்நோக்கி ஒரே நேர்கோட்டில் நிலத்தடி நீரை அளந்தார்கள். இலங்கை ஆய்வாளர் மெத்திகா விதானகே, டென்மார்க்கின் பீற்றர் எங்கெஸ்கோர், கரேன் வில்ஹொல்த் ஆகியோர் இந்த ஆய்வில் பங்குகொண்டவர்கள். கல்குடாவின் தரையும் இதே அமைப்புடையது என்பதால் அதன் முடிவுகள் உங்களுக்கும் பயன்படும்.

மழைதான் கிணற்றைக் கழுவியது

அந்த ஆய்வில் தெரிய வந்தவற்றில் உங்களுக்கு முக்கியமானவை மூன்று.

முதலாவது, உப்பைக் குறைத்தது மாரி மழை. மழை பெய்த மாதங்களில் உப்பு வேகமாக இறங்கியது. கோடையில் அந்த வேகம் தளர்ந்தது.

இரண்டாவது, நிலத்தடி நீரின் மேல் 2.5 மீற்றர் பகுதி, அதாவது ஏறத்தாழ 8 அடி, அலை வந்து 1 முதல் 1½ ஆண்டுக்குள் மீண்டும் நல்ல தண்ணீராகி விட்டது.

மூன்றாவது, அதற்குக் கீழே நிலைமை வேறு. 28 மீற்றர் ஆழம் வரையுள்ள முழு நீரும் பழைய நிலைக்குத் திரும்ப 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்று கணினிக் கணக்கு காட்டியது.

இதிலிருந்து ஒரு தெளிவான பாடம் கிடைக்கிறது. கிணறு சவராக இருக்கிறது என்று இன்னும் ஆழமாக வெட்டாதீர்கள். மலைநாட்டிலோ வன்னியிலோ ஆழம் போனால் நல்ல தண்ணீர் வரலாம். கடற்கரை மணலில் ஆழம் போகப் போக உப்பைத்தான் தேடிப் போகிறோம்.

திரும்பத் திரும்ப இறைத்தது ஏன் உதவவில்லை?

அலைக்குப் பின்னான மாதங்களில் கிணறு துப்புரவாக்கும் குழுக்கள் இயந்திரங்களோடு ஊர் ஊராகப் போயின. நிவாரண நிறுவனங்கள் பலவும் இதைச் செய்தன. நல்ல மனதோடுதான் செய்தன. ஒரே கிணற்றை ஒரு நிறுவனம் இறைத்து விட்டுப் போக, அடுத்த நிறுவனம் வந்து மீண்டும் இறைத்தது. அந்தக் காலத்தை நினைவுகூர்ந்த ஒரு தாய் எங்களிடம் சொன்னது இது: "மகள், அஞ்சு தரம் இறைச்சாச்சு. ஒவ்வொரு தரமும் சவர் கூடுதேயொழியக் குறையுதில்ல."

அவர் கண்டது சரி. கிணற்றுக்குள் விழுந்த சேற்றையும் குப்பையையும் அகற்ற ஒருமுறை இறைப்பது தேவை. ஆனால் உப்பு கிணற்றுக்குள் மட்டும் இல்லை, சுற்றியுள்ள மணல் முழுவதிலும் இருந்தது. இறைத்த இடத்துக்கு அதே உப்புத் தண்ணீர்தான் மீண்டும் ஊறி வரும். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு நீர் கிணற்றுக்கு நேர் கீழே கூம்பு போல மேலெழும். இறைத்த உப்பு நீரைப் பக்கத்திலேயே ஊற்றினால் அது மீண்டும் மணலூடாகக் கிணற்றுக்கே வந்து சேரும்.

வேகமாக இறைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மணலில் கட்டிய கிணற்றைத் திடீரென வற்ற வைத்தால் வெளியே நிற்கும் தண்ணீரின் அழுத்தம் கட்டை உள்ளே தள்ளும். கிணறு இடிந்து விழலாம்.

இந்தப் பிழையிலிருந்து நாங்களும் படித்தோம். உங்கள் கிணற்றை இறைத்துத் தருகிறோம் என்று எவர் வந்தாலும், நாங்களாக இருந்தாலும், "இது எத்தனையாவது தரம்? உப்பை அளந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கைவிடப்பட்ட கிணற்றை மீண்டும் பாவிப்பது எப்படி?

1. முதலில் பாதுகாப்பு. கைவிடப்பட்ட கிணற்றுக்குள் வெடிபொருட்கள் கிடக்கலாம். உலோகப் பொருளோ சந்தேகமான வேறு எதுவுமோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், கல் எறியாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். பொலிசாருக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ உடனே அறிவியுங்கள். அவர்கள் பார்த்துச் சொல்லும் வரை கிணற்றில் வேலை செய்ய வேண்டாம்.

2. தனியாகக் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். நீண்ட காலம் மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுக் காற்று குறைவாக இருக்கலாம். பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் இயந்திரத்தை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கி இயக்க வேண்டாம். அதன் புகையில் நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு உண்டு. சில நிமிடங்களில் உயிர் போகும்.

3. ஒரு தரம், மெதுவாக இறையுங்கள். சேறு, இலைகுழை, குப்பை அனைத்தையும் அகற்றுங்கள். கட்டின் உட்பக்கத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். இறைத்த தண்ணீரைக் கிணற்றுக்குக் கிட்ட விடாமல் தூரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

4. தண்ணீர் மீண்டும் ஊறிய பின் குளோரீன் இடுங்கள். எவ்வளவு இடுவது என்பது கிணற்றில் உள்ள தண்ணீரின் அளவைப் பொறுத்தது. கணக்கு இது: கிணற்றின் குறுக்களவை மீற்றரில் அளந்து அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த விடையை நீரின் ஆழத்தால் பெருக்குங்கள். அதை 0.785ஆல் பெருக்கினால் கன மீற்றர் கிடைக்கும். 1.2 மீற்றர் குறுக்களவும் 1.5 மீற்றர் நீர் ஆழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 1.7 கன மீற்றர், அதாவது 1,700 லீற்றர் தண்ணீர் இருக்கும். 70 வீதச் செறிவுள்ள குளோரீன் தூளில் 50 கிராமை 20 லீற்றர் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலில் 100 லீற்றர் கிணற்று நீருக்கு 1 லீற்றர் வீதம் ஊற்ற வேண்டும். மேலே சொன்ன கிணற்றுக்கு 17 லீற்றர் தேவை. தூளின் செறிவு ஒன்றுக்கொன்று வேறுபடும், பழைய தூள் வலுவிழந்திருக்கும். அதனால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டி அளவை உறுதிப்படுத்திய பின்பே இடுங்கள்.

5. குறைந்தது 30 நிமிடம் விடுங்கள். ஓர் இரவு விடுவது இன்னும் நல்லது. குளோரீன் மணம் நன்றாகக் குறைந்த பின் பாவிக்கலாம். குடிக்குமுன் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

6. கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தரை போட்டு, வழிந்தோடும் தண்ணீர் தள்ளிப் போக வாய்க்கால் அமையுங்கள். கட்டை உயர்த்துங்கள், மூடி போடுங்கள். அள்ளுவதற்கு ஒரே வாளியை வைத்து, அதை நிலத்தில் வைக்காமல் தூக்கி வையுங்கள்.

உப்புக்கு ஒரு வைத்தியம், கிருமிக்கு வேறு வைத்தியம்

எங்கள் அனுபவத்தில் மிக அதிகமாகக் குழப்பம் வருவது இங்கேதான். "கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம், ஏன் இன்னும் சவர்?" என்று கேட்கிறார்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு போகாது. தண்ணீர் ஆவியாகப் போவதால் உப்பின் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். குளோரீனும் அப்படித்தான், கிருமியைக் கொல்லும், உப்பை எதுவும் செய்யாது. மறுபக்கம், தண்ணீர் இனிப்பாக இருக்கிறது என்பதற்காக அதில் கிருமி இல்லை என்று நினைக்கவும் கூடாது. உப்பை நாக்கு சொல்லும். கிருமியை நாக்கு சொல்லாது.

உப்பு எவ்வளவு சிறிய அளவில் தண்ணீரைக் கெடுக்கிறது என்று பாருங்கள். குடிநீரில் குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இலங்கைத் தரநிர்ணயம். கடல் நீரில் அது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். 10 லீற்றர் வாளி நல்ல தண்ணீரில் ஒரு தேநீர்க் கோப்பை கடல் நீர் கலந்தாலே அந்த அளவைத் தாண்டி விடும். சவரான கிணற்றுத் தண்ணீரைக் குளிக்கவும் கழுவவும் எடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மழைத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ பவுசர் தண்ணீரையோ பாவியுங்கள்.

விறகு தட்டுப்பாடான நாட்களில் கிருமியைக் கொல்ல வெயிலையும் பாவிக்கலாம். இதுவும் பல நாட்டு ஆய்வில் பிறந்த வழிதான். 1980ஆம் ஆண்டளவில், போர் நடந்துகொண்டிருந்த லெபனானில், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அஃப்டிம் அக்ரா இதை ஆராய்ந்தார். பின்னர் சுவிற்சர்லாந்தின் ஈவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனம் 1991 முதல் பல நாடுகளில் சோதித்துப் பரப்பியது. செய்முறை எளிது. நிறமில்லாத, கீறல் இல்லாத, 2 லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்ரிக் போத்தலைக் கழுவித் தெளிந்த தண்ணீரால் நிரப்பி மூடுங்கள். முழு வெயிலில், தகரக் கூரையில் கிடையாக 6 மணி நேரம் வையுங்கள். வானம் மூடியிருந்தால் தொடர்ந்து 2 நாள் வையுங்கள். கலங்கல் தண்ணீருக்கு இது சரிவராது. தொடர்ந்து மழை பெய்யும் நாட்களில் கொதிக்க வையுங்கள்.

மலசலகூடத்தை எங்கே கட்டுவது?

கிணற்றுக்கு உப்பு வெளியிலிருந்து வந்தது. மலக்குழியின் அழுக்கோ எங்கள் வளவிலிருந்தே வருகிறது. மணல் தண்ணீரை விரைவாக விடும், அதோடு கிருமியையும் விடும். கிருமி தவிர நைத்திரேற்று என்ற உப்பும் மலக்குழியிலிருந்து கிணற்றுக்குப் போகும். இது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மா குடிக்கும் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும் நோய் வரலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிவாரண வேலைகளில் உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் தரநியமம் இரண்டு அளவுகளைச் சொல்கிறது. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் தூரம். குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 1.5 மீற்றர்.

இரண்டாவது அளவுதான் கல்குடாவில் சோதனை. ஆடி, ஆவணியில் குழி வெட்டினால் ஆழம் வரை உலர்ந்த மணலாக இருக்கும். அதைப் பார்த்து ஆழமாக வெட்டி விடுவோம். மார்கழியில் நீர்மட்டம் ஏறும்போது அதே குழி தண்ணீரில் மூழ்கும், குழியில் இருப்பது கிணற்றோடு கலக்கும். ஆகவே எந்த மாதத்தில் வேலை செய்தாலும் மாரிகால நீர்மட்டத்தை வைத்தே முடிவெடுங்கள். மாரியில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பது கிணற்றுக் கட்டில் உள்ள பாசிக் கறையில் தெரியும். ஊரில் முன்பு வாழ்ந்த பெரியவர்களிடமும் கேளுங்கள்.

நீர்மட்டம் உயரமான இடத்தில் குழியைத் தாழ வெட்டாமல், நிலத்துக்கு மேல் மண் அணைத்து உயர்த்திக் கட்டலாம். நான்கு படி ஏறிப் போக வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கும் அங்கவீனமுற்றோருக்கும் பிடிகம்பியும் சாய்தளமும் வைக்க வேண்டும். இதற்கான வரைபடத்தை எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

20 பேர்ச் வளவில் 30 மீற்றர் தூரம் கிடைப்பது கடினம் என்பதை அறிவோம். அப்படியான இடத்தில் இவற்றைச் செய்யுங்கள்:

கிணற்றை வளவின் உயரமான பக்கத்திலும் மலசலகூடத்தைத் தாழ்ந்த பக்கத்திலும் வையுங்கள். நிலத்தடி நீர் பொதுவாக நிலத்தின் நடு உயரத்திலிருந்து கடலையும் களப்பையும் நோக்கி ஓடும்.

உங்கள் கிணற்றை மட்டும் பார்க்காமல் பக்கத்து வளவுக் கிணற்றையும் பாருங்கள். வேலிக்கு அப்பால் தள்ளி விட்டால் பிரச்சினை தீராது. கட்டுமுன் அயலவரோடு பேசுங்கள். நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல கிணற்றை ஒரு மூலையில் வைத்து, மலசலகூடங்களை மற்ற அந்தங்களில் அமைத்தால் எல்லோருக்கும் தூரம் கிடைக்கும்.

இயலுமானால் இரட்டைக் குழி வையுங்கள். ஒன்று நிரம்பியதும் மூடி மற்றதைப் பாவியுங்கள். மூடியதைக் குறைந்தது 2 ஆண்டு விட்டால் உள்ளிருப்பது மணமற்ற எருவாகி விடும். அதன் பின் அள்ளி மரங்களுக்கு இடலாம். மூடிய தொட்டி வைத்தவர்கள் அது நிரம்பும்போது பிரதேச சபையின் கலிபவுசரைக் கேளுங்கள். களப்பில் கொட்ட எவரையும் விட வேண்டாம். அந்தக் களப்பில்தான் எங்கள் இறாலும் மீனும் வளர்கின்றன.

கழிவு நீரும் தண்ணீர்தான்

தண்ணீர் குறைந்த நாடுகள் கழிவு நீரை வீசுவதில்லை. ஆபிரிக்காவின் நமீபியாவில் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் கழிவு நீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு சேர்க்கிறது. சிங்கப்பூர் 2003 முதல் சுத்திகரித்த கழிவு நீரைத் தொழிற்சாலைகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் கொடுக்கிறது. இவை பெரிய இயந்திரங்களும் நாள்தோறும் பரிசோதனையும் வேண்டிய வேலைகள், வீட்டில் செய்யக் கூடியவை அல்ல. ஆனால் அதே எண்ணத்தின் சிறிய வடிவம் எங்கள் கிணற்றடியிலேயே இருக்கிறது. குளிக்கும், உடுப்புக் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைப் பாத்திக்கு விடுவது பழைய வழக்கம். அதைத் தொடருங்கள். வாழைப் பாத்தி கிணற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும். மலசலகூடத் தண்ணீரை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம்.

மழையைச் சேர்த்து வையுங்கள்

30 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 300 லீற்றர் விழும். சிந்துவதும் தெறிப்பதும் போக 240 லீற்றர் கையில் கிடைக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 9 நாளுக்கு மேல் காணும். கார்த்திகை, மார்கழியில் இப்படிப் பல நாள் மழை வரும். தற்காலிகத் தகரக் கொட்டிலில் இருந்தாலும் பீலி ஒன்றைக் கட்டித் தாங்கிக்கு விடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுக் கூரையைக் கழுவ விடுங்கள். தாங்கியை வலையால் மூடுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும்.

உங்களிடம் உள்ள அறிவு

ஆய்வாளர்கள் கிழக்குக் கரைக்கு வந்தபோது கருவிகளோடு மட்டும் வேலை செய்யவில்லை. வீட்டு வாசலில் நின்று கேட்டார்கள். அலைக்கு முன் இந்தத் தண்ணீர் எப்படி இருந்தது? கோடையில் எந்தக் கிணறு வற்றும்? எது வற்றாது? இந்தக் கேள்விகளுக்கு விடை எந்தக் கருவியிலும் இல்லை, ஊரில் வாழ்ந்தவர்களின் நினைவில்தான் இருந்தது.

நீங்கள் பல ஆண்டு வெளியில் இருந்து வருகிறீர்கள். உங்கள் பிள்ளைகள் சிலர் இந்தக் கிணற்றை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். எந்த மூலையில் இனிப்புத் தண்ணீர், எந்த மூலையில் சவர், மாரியில் வெள்ளம் எது வரை நிற்கும் என்பதை அவர்களுக்கு நடந்து காட்டிச் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் மாதம் ஒரு தடவை கிணற்றின் நீர்மட்டத்தையும் சுவையையும் குறித்து வையுங்கள். மின்கடத்துதிறன் மானி என்ற சிறு கருவியால் உப்பை உடனே அளக்கலாம். அந்த ஆய்வில் 1,000 மைக்ரோசீமென்சுக்குக் குறைந்த தண்ணீரை நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். கடல் நீர் 50,000 அளவில் காட்டும். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் வரும்போது உங்கள் கிணற்றை அளக்கச் சொல்லி, வந்த எண்ணைக் கேட்டு உங்கள் கொப்பியில் எழுதுங்கள். தண்ணீர் மாதிரி எடுத்துச் சென்றால் அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் கிணற்றின் முடிவு.

சுருக்கமாக

கிணற்றை ஒரு தரம் மட்டும், மெதுவாக இறைத்துத் துப்புரவாக்குங்கள். மேலும் ஆழப்படுத்தாதீர்கள்.

சவர் குறைய மாரியை விடுங்கள். அதுவரை குடிக்க வேறு தண்ணீர் எடுங்கள்.

பெரிய இயந்திரத்தால் தொடர்ந்து இறைக்காதீர்கள். அயலில் எவரும் அப்படி இறைத்தால் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசுங்கள். நிலத்தடியில் வேலி இல்லை.

இனிப்பான தண்ணீரையும் கொதிக்க வைத்தோ, குளோரீன் இட்டோ, வெயிலில் வைத்தோ குடியுங்கள்.

மலக்குழியை மாரிகால நீர்மட்டத்துக்கு மேல், கிணற்றுக்கு இயன்றளவு தூரத்தில், தாழ்ந்த பக்கத்தில் கட்டுங்கள்.

வீட்டுத் திட்டத்தில் இடம் குறிக்க உத்தியோகத்தர் வரும் நாளில் வீட்டில் நில்லுங்கள். கிணறு எங்கே, மலசலகூடம் எங்கே என்று முளை அடித்த பின்பே அத்திவாரம் வெட்ட விடுங்கள். ஐயம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ, பிரதேச செயலகத்தையோ, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தையோ, இந்தக் கைநூலை உங்களிடம் தந்த எங்கள் உத்தியோகத்தரையோ கேளுங்கள். அந்த முளை அடிக்கும் நாளில் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால், உங்கள் பிள்ளைகள் வளரும் காலம் முழுவதும் அந்தக் கிணற்றில் அள்ளிக் குடிக்கலாம்.